ஏஜென்ட் வீட்டு வாசலில்

மேற்கு வங்கத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் போல்பா என்ற இடத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை இருந்தது. தொழிலாளர்கள் இருந்தார்கள். அவர்களுக்குச் சம்பளமும் கிடைத்தது. உற்பத்தி மட்டும் நடக்கவில்லை. சாரதா குழுமத்துக்குப் பணம் திரட்டும் ஏஜென்ட்டுகளை அழைத்து வந்து காட்டும்போதெல்லாம், மும்முரமாக வேலை செய்வதுபோல் பாவனை செய்ய சுமார் 150 பேர் அமர்த்தப்பட்டிருந்தார்கள். 2013 ஏப்ரலில் குழுமம் சரிந்து விழுந்த பிறகுதான் இந்த நாடகம் வெளியே தெரிந்தது.

அந்த 150 பேரைக் குற்றவாளிகள் என்று சொல்வதா? கூலி கிடைத்தது, போனார்கள். வேறு வேலை கிடைத்திருந்தால் நடிக்கப் போயிருக்க மாட்டார்கள். அவர்களைப் பார்த்த ஏஜென்ட்டுகள் ஊருக்குத் திரும்பி, "என் கண்ணால் பார்த்தேன், தொழிற்சாலை ஓடுகிறது" என்றார்கள். அவர்கள் சொன்னது பொய் அல்ல, பார்த்ததைத்தான் சொன்னார்கள். கேட்டவர்கள் பணத்தைக் கொடுத்தார்கள். மேலே ஒருவருடைய பேராசையிலிருந்து புறப்பட்ட பொய், மூன்று படி இறங்கி வருவதற்குள் நல்ல மனிதர்களின் சத்திய வாக்காக மாறிவிட்டது. நாட்டின் பெரிய மோசடிகள் பலவற்றுக்கும் இதுதான் பாதை.

சாரதாவின் கதை பலருக்கும் நினைவிருக்கும். ராமகிருஷ்ண பரமஹம்சரின் துணைவியார் சாரதா தேவியை நினைவூட்டும் பெயர். வங்காளிக்கு அந்தப் பெயரே பாதி உத்தரவாதம். சுதீப்த சென் என்பவர் தலைமையில் இயங்கிய இந்தக் குழுமம் மேற்கு வங்கம், அஸ்ஸாம், ஒடிசா மாநிலங்களில் லட்சக்கணக்கான மக்களிடம் சுமார் 2,500 கோடி ரூபாய் திரட்டியதாக அப்போது மதிப்பிடப்பட்டது. பத்திரிகைகள் இதை "சிட்பண்ட் மோசடி" என்றே எழுதின. சீட்டுப் பிடித்துப் பழகிய தமிழர்களுக்கு அந்தப் பெயர் விநோதமாகப் படும். இங்கே ஏலமும் இல்லை, மாதாந்தரத் தள்ளுபடியும் இல்லை. நாளை வரும் ஆளின் பணத்தை எடுத்து நேற்று வந்த ஆளுக்குக் கொடுப்பது ஒன்றே தொழில்.

இப்படி ஒரு நிறுவனம் கவிழும்போதெல்லாம் ஊரில் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும்: பேராசை பெருநஷ்டம். போட்டவனுக்கு ஆசை, எடுத்தவனுக்குப் பேராசை, இருவருக்கும் சரியாகப் போயிற்று. சொல்வதற்குச் சுலபமான தீர்ப்பு. ஆனால் பாதி உண்மைதான்.

பணம் போட்டவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். மாநில அரசு அமைத்த நீதிபதி சியாமள் சென் விசாரணைக் கமிஷனுக்குப் பதினேழு லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் வந்து குவிந்தன. 10,000 ரூபாய்க்குள் போட்டவர்களுக்கு முதலில் பணம் தருவது என்று முடிவானது. ரிக்‌ஷா ஓட்டுபவர், வீட்டு வேலைக்குப் போகும் பெண், காய்கறி விற்பவர், பெண்ணின் கல்யாணத்துக்குச் சேர்க்கும் சிறு விவசாயி போன்றவர்கள் மொத்தமாகச் சேர்த்து வைப்பதே அந்த அளவுதான். கோடீஸ்வரனாகும் கனவோடு இவர்கள் பணத்தைக் கொடுக்கவில்லை. வீட்டில் வைத்தால் செலவாகிவிடும் என்ற பயத்தில் கொடுத்தார்கள்.

வங்கிக்குப் போயிருக்கலாமே என்று கேட்கலாம். 2014 ஆகஸ்டில் ஜன் தன் திட்டம் வருவதற்கு முன் கிராமத்து ஏழைக்கு வங்கி என்றால் என்ன? பஸ் ஏறிப் போக வேண்டும். ஒருநாள் கூலி போகும். அறிமுகக் கையெழுத்து, முகவரிச் சான்று, புரியாத படிவம். இவ்வளவுக்கும் பிறகு ஐம்பது ரூபாயை நீட்டினால் கவுன்டரில் இருப்பவரின் முகம் கோணும். தபால் அலுவலகம் பரவாயில்லை. அங்கே சிறுசேமிப்பு முகவர் வீட்டுக்கே வருவார். ஆனால் அந்த வாசலும் 2011ல் குறுகியது. அந்த ஆண்டின் இறுதியில் கிராமங்களில் பிரபலமாக இருந்த கிசான் விகாஸ் பத்திரத்தை மத்திய அரசு நிறுத்தியது. பல திட்டங்களில் முகவர் கமிஷன் ஒரு சதவீதத்திலிருந்து அரை சதவீதமாகக் குறைந்தது, சிலவற்றில் அடியோடு போனது. அரசுக்கு அது நிதிச் சீர்திருத்தம். அதே முகவரிடம் சாரதா போன்ற நிறுவனங்கள் வேறொரு கணக்கைச் சொல்லின: நூறு ரூபாய் கொண்டு வந்தால் இருபத்தைந்து முதல் நாற்பது ரூபாய் வரை உனக்கு.

அரை ரூபாய் எங்கே, நாற்பது ரூபாய் எங்கே? இந்தக் கமிஷனில்தான் மோசடியின் முழு ரகசியமும் இருக்கிறது. நூறு ரூபாயில் முப்பது ரூபாய் ஏஜென்ட்டுக்குப் போனால் கம்பெனியிடம் மிஞ்சுவது எழுபது. ஓராண்டு கழித்து வட்டியோடு திருப்பித் தர வேண்டியது 112 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எழுபதை 112 ஆக்கும் நியாயமான வியாபாரம் உலகில் அநேகமாகக் கிடையாது. ஆகவே ஒருவருக்குத் திருப்பித் தர, ஏறக்குறைய இரண்டு புதிய ஆட்கள் வேண்டும். ஆயிரம் பேரோடு ஆரம்பித்து ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்கினால் பத்தாவது சுற்றில் பத்து லட்சம் பேர் தேவை. பதினேழாவது சுற்றில் 13 கோடி. மேற்கு வங்கத்தின் மொத்த மக்கள்தொகையே 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 9 கோடிதான். கம்பெனியின் முதலாளி நல்லவரா கெட்டவரா என்பதே இங்கு கேள்வி இல்லை. இந்தக் கணக்கு விழுந்தே தீரும். எப்போது விழும் என்பது மட்டும்தான் தெரியாது.

விழும் நாளைத் தள்ளிப்போட மரியாதையை விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. சாரதா அதைத் தாராளமாக வாங்கியது. செய்தித்தாள்கள், தொலைக்காட்சி சேனல்கள், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் கால்பந்து அணிகளுக்குப் பண உதவி, போலீசுக்கு மோட்டார் சைக்கிள்கள், ஜங்கல்மகால் பகுதிக்கு ஆம்புலன்ஸ்கள். ஆளும் கட்சியின் ராஜ்யசபா உறுப்பினர் ஒருவரே ஊடகப் பிரிவுக்குத் தலைமை வகித்தார். ஏழைக்குக் கம்பெனியின் ஆண்டறிக்கையைப் படிக்கத் தெரியாது. அவர் படிப்பது வேறு: டிவியில் வருகிறதா, மந்திரி மேடையில் இருக்கிறாரா, போலீஸ்காரர் வண்டியில் பெயர் எழுதியிருக்கிறதா? எல்லாம் இருந்தது. அவர் விசாரிக்காமல் ஏமாறவில்லை. விசாரித்தார். சாட்சி சொன்னவர்கள் எல்லோரும் பெரிய மனிதர்கள்.

காவல் காக்க வேண்டியவர்கள் தூங்கிவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. ஐம்பது பேருக்கு மேல் கடன் பத்திரங்கள் கொடுத்துப் பணம் திரட்ட வேண்டுமானால் முறையான வெளியீட்டு அறிக்கை வேண்டும் என்று அன்றைய சட்டம் சொன்னது. பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி கேள்வி கேட்டதும், சாரதா 200க்கும் மேற்பட்ட கம்பெனிகளைத் திறந்து கணக்கைச் சிதறடித்தது. கடன் பத்திரம் கூடாது என்றால் சுற்றுலாத் திட்டம், நிலம், தேக்கு என்று பெயர் மாறியது. மாநில அரசுக்கு செபி எச்சரிக்கை அனுப்பியது. 2012 டிசம்பரில் அப்போதைய ரிசர்வ் வங்கி கவர்னர் சுப்பாராவ், மாநில அரசு தானாகவே முன்வந்து நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். இது எங்கள் வேலை அல்ல, அவர்கள் வேலை என்று ஒவ்வொரு அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தபோது, ஏஜென்ட் மட்டும் தினமும் தவறாமல் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார்.

வங்கத்துக்கு இது முதல் அனுபவமும் அல்ல. 1970களின் இறுதியில் சஞ்சயிதா என்ற நிறுவனம் 48 சதவீதம் வரை வட்டி தந்து கல்கத்தாவைக் கிறங்க வைத்தது. கணக்குப் புத்தகத்தில் 12 சதவீதம், மிச்சம் மேஜைக்கு அடியில். 1978ல் வந்த பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டத்தின்படி வழக்குப் போட்டது மாநில அரசு. அதிக வட்டி தருவதாக ஒப்புக்கொண்டு பணம் வாங்குவது மட்டுமே அந்தச் சட்டத்தின்படி பணச் சுழற்சித் திட்டம் ஆகிவிடாது என்று கூறி 1982ல் உச்ச நீதிமன்றம் முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்தது. சட்டத்தின் வார்த்தைகளுக்கும் மோசடியின் வேகத்துக்கும் இருந்த இடைவெளி அன்றே தெரிந்தது. அதை அடைக்க முப்பது ஆண்டுகள் போதவில்லை.

1990களில் நிதி நிறுவனங்கள் வரிசையாகக் கவிழ்ந்த தமிழ்நாடு, 1997லேயே முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. நிறுவனத்தின் சொத்தை உடனே முடக்கி, தனி நீதிமன்றம் மூலம் பணத்தைத் திருப்பித் தர வழி செய்யும் சட்டம் அது. சாரதா சரிந்தபோது மேற்கு வங்கத்திடம் அதுபோன்ற சட்டம் நடைமுறையில் இல்லை. அதற்காகத் தமிழ்நாடு பெருமைப்பட்டுக்கொள்ளவும் முடியாது. சட்டம் வந்து கால் நூற்றாண்டு கழிந்த பிறகும் 2022ல் ஆருத்ரா நிறுவனத்தின் மீது எழுந்த புகார்களில் சுமார் ஒரு லட்சம் பேரின் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் சிக்கியிருப்பதாக போலீஸ் சொன்னது. விழுந்த பிறகு சொத்தைத் தேட சட்டம் உதவும். விழுவதற்கு முன் ஏஜென்ட்டின் வாயை அது மூடாது.

2013 ஜனவரியில் சாரதாவுக்கு வரும் பணம், வெளியே போக வேண்டிய பணத்தைவிட முதல் முறையாகக் குறைந்தது. ஏப்ரலில் சுதீப்த சென் சி.பி.ஐ.க்கு நீண்ட கடிதம் ஒன்றை எழுதிவிட்டுத் தலைமறைவானார். அந்த மாதமே காஷ்மீரின் சோனாமார்கில் பிடிபட்டார். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. ஊடகப் பிரிவுக்குத் தலைமை வகித்த எம்.பி.யை மாநில போலீஸ் அதற்கு முன்பே, 2013 நவம்பரில் கைது செய்திருந்தது. மாநில மந்திரி ஒருவரை 2014 டிசம்பரில் சி.பி.ஐ. கைது செய்தது. இருவரும் குற்றச்சாட்டுகளை மறுத்தனர், பின்னர் ஜாமீனில் வெளிவந்தனர். தலைப்புச் செய்திகள் இவர்களைப் பற்றியவை.

கிராமங்களில் நடந்தது வேறு. சோனாமார்க் எங்கே இருக்கிறது என்று பணத்தை இழந்தவருக்குத் தெரியாது. ஏஜென்ட் வீடு எங்கே என்று தெரியும். அங்கே போனார்கள். வாசலில் உட்கார்ந்தார்கள், கத்தினார்கள், அழுதார்கள், சில இடங்களில் அடித்தார்கள். ஏஜென்ட்டுகள் பலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடினார்கள். சிலர் நிலத்தை விற்று அக்கம்பக்கத்துக் கடனைத் தீர்க்கப் பார்த்தார்கள். ஏஜென்ட்டுகளிலும் முதலீட்டாளர்களிலும் தற்கொலைகள் நடந்தன. சில பத்தாயிரங்களை இழந்து உயிரை விட்டவர்கள் உண்டு. ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்பும் அதுவாக இருக்கும்போது தொகை சிறியது என்று சொல்வதில் அர்த்தமில்லை.

சமூகம் கொடுத்த விலையைக் கணக்கிடும்போது சில எண்கள் சுலபமாகக் கிடைக்கின்றன. மாநில அரசு 500 கோடி ரூபாய் நிவாரண நிதி அறிவித்தது. அதற்காகப் புகையிலைப் பொருள்களுக்கு வரி ஏறியது. சுதீப்த சென்னின் கம்பெனியில் ஒரு பைசாகூடப் போடாத பீடித் தொழிலாளியும் அந்த நஷ்டத்தில் பங்குதாரர் ஆனார். குழுமத்தின் பத்திரிகைகளும் சேனல்களும் தள்ளாடியதில் நூற்றுக்கணக்கான பத்திரிகையாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். கமிஷன், சிறப்புப் புலனாய்வுக் குழு, சி.பி.ஐ., அமலாக்கத் துறை, ஆண்டுக்கணக்கில் நீளும் வழக்குகள் ஆகிய செலவெல்லாம் வரி செலுத்துவோர் கணக்கில்.

எண்ணில் அடங்காத விலை ஒன்று உண்டு. ஏஜென்ட் வெளியாள் அல்ல. பக்கத்து வீட்டுப் பையன், பள்ளிக்கூட வாத்தியார், மைத்துனன், மகளிர் குழுவில் கணக்கு எழுதும் அக்கா. கம்பெனி அவர்களுக்குக் கமிஷன் தந்தது உழைப்புக்காக அல்ல. அவர்கள் மேல் ஊர் வைத்திருந்த நம்பிக்கைக்காக. இருபது முப்பது ஆண்டுகளாகக் கொடுக்கல் வாங்கலில், கல்யாணத்தில், சாவில் சேர்ந்த நம்பிக்கை அது. வங்கியோ நீதிமன்றமோ எட்டாத இடத்தில் ஏழையின் ஒரே இன்ஷூரன்ஸ் அதுதான். சாரதா திருடியது முதலில் அதைத்தான், பணத்தை அதற்குப் பிறகுதான் எடுத்தது. பணத்தில் ஒரு பகுதியாவது கமிஷன் வழியாகத் திரும்பலாம். அண்ணன் தங்கை பேச்சு நின்றுபோனதற்கு எந்தக் கமிஷனிடம் மனுப் போடுவது? அடுத்த முறை ஊரில் ஒரு நேர்மையான கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிக்க வருபவரையும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பார்கள். அவசரத்துக்குக் கந்து வட்டிக்காரரிடம் போவார்கள். அவர் வட்டி அதிகம், ஆனால் அவர் ஓடிப்போக மாட்டார்.

சாரதா தனிமரமும் அல்ல. வங்கத்திலேயே அதைவிடப் பெரியதாகக் கருதப்படும் ரோஸ் வேலி குழுமத்தின் தலைவர் 2015 மார்ச்சில் கைதானார். விவசாய நிலம் என்று சொல்லி நாடு முழுவதும் பணம் திரட்டிய பி.ஏ.சி.எல். நிறுவனம் 49,100 கோடி ரூபாயைத் திருப்பித் தர வேண்டும் என்று 2014 ஆகஸ்டில் செபி உத்தரவிட்டது. பணம் போட்டவர்கள் ஐந்தரைக் கோடிக்கும் அதிகம். சொத்துகளை விற்றுப் பணம் தரும் பொறுப்பை உச்ச நீதிமன்றம் 2016ல் நீதிபதி லோதா தலைமையிலான குழுவிடம் விட்டது. பணமும் சிறு தொகைக்காரர்களிலிருந்து தொடங்கிப் படிப்படியாகத்தான் வந்தது. தொலைந்த ரசீது, பொருந்தாத பெயர், இறந்துபோன முதலீட்டாளர் என்று ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு தடங்கல்.

2019ல் நாடாளுமன்றம் ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. அனுமதியில்லாத வைப்புத் தொகை வாங்கினால் இரண்டு முதல் ஏழு ஆண்டு சிறை. மோசடியாகத் திருப்பித் தராமல் போனால் பத்து ஆண்டு வரை. மற்றவர்களைப் பணம் போடத் தூண்டினாலும் ஓராண்டிலிருந்து ஐந்தாண்டு வரை சிறை உண்டு. அதாவது ஏஜென்ட்டும் இப்போது சட்டத்தின் வலைக்குள் இருக்கிறார்.

இருக்கத்தான் வேண்டும். நாற்பது சதவீதக் கமிஷன் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் இருந்ததற்கு ஒரு பொறுப்பு உண்டு. ஆனால் இங்கேதான் குற்றத்தின் முகம் குழம்புகிறது. வேலையில்லாத இளைஞன் ஏஜென்ட் ஆகிறான். முதல் வாடிக்கையாளர் அவன் அம்மா. கமிஷனையும் அதே கம்பெனியில் போடுகிறான். கம்பெனி கவிழும்போது போலீஸ் தேடுவதும் அவனைத்தான், அதிகம் இழந்தவனும் அவன்தான். பேராசையும் இல்லாமையும் இரண்டு தனித்தனி ஆட்கள் அல்ல. பல சமயம் ஒரே சட்டைக்குள் இருக்கின்றன.

காலம் மாறி, சைக்கிளில் வந்த ஏஜென்ட்டின் இடத்தைக் கைபேசி பிடித்துக்கொண்ட பிறகும் அந்தச் சட்டைக்குள் இருக்கும் ஆள் மாறவில்லை. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன இந்திய இளைஞர்கள் மியான்மர் எல்லையில் வேலி போட்ட வளாகங்களில் அடைக்கப்பட்டு, முன்பின் தெரியாதவர்களைப் போனில் ஏமாற்றக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். 2025 மார்ச்சில் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை விமானப்படை விமானங்கள் மீட்டு வந்தன. போனின் மறுமுனையில் சேமிப்பை இழந்த ஓய்வூதியக்காரருக்கு அந்தக் குரல் குற்றவாளியின் குரல். அந்தக் குரலுக்கு உரியவனின் வீட்டில் அவன் காணாமல் போன பிள்ளை.

இதனால் குற்றத்தை மன்னிக்க வேண்டும் என்று ஆகாது. தண்டனை எங்கே விழ வேண்டும் என்பதில் தெளிவு வேண்டும் என்றே ஆகும். பேராசைக்குத் தண்டனை வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும். சொத்தைப் பினாமி பெயருக்கு மாற்ற அவகாசம் தராத வேகத்தில் வேண்டும். இல்லாமைக்குத் தண்டனை மருந்தல்ல. அதற்கு ஐம்பது ரூபாயையும் மதித்து வாங்கும் ஒரு வங்கி ஊழியர் வேண்டும், வாசலுக்கு வரும் தபால் முகவருக்குக் கட்டுப்படியாகும் கமிஷன் வேண்டும், சந்தேகம் கேட்டால் தாலுகா அளவில் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அரசு சிக்கனம் பார்த்து மூடிய ஒவ்வொரு சிறு வாசலுக்கும் எதிரே யாரோ ஒருவர் பெரிய வாசல் திறந்து வைக்கிறார். 500 கோடி நிவாரண நிதியோடு ஒப்பிட்டால் அந்த அரை சதவீத மிச்சம் எவ்வளவு என்று யாரும் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கிசான் விகாஸ் பத்திரம் 2014 நவம்பரில் மீண்டும் விற்பனைக்கு வந்தது. சாரதா கவிழ்ந்து ஒன்றரை ஆண்டு கழித்து. போல்பாவில் தொழிலாளி வேஷம் போட்டவர்களுக்காவது தாங்கள் நடிக்கிறோம் என்பது தெரிந்திருந்தது. அவர்களைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போய்த் தன் அம்மாவிடமே பணம் வாங்கிய ஏஜென்ட்டுக்கு அது தெரியாது.